தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுகிறீர்களா? வேதிவினை வகைகளை வீட்டில் செய்து பார்த்தே படித்துவிடலாம்

எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவள் நான். 33 வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத உட்கார்ந்தேன். மற்ற பாடங்களில் எப்படியோ தேறிவிட்டேன். அறிவியல் மட்டும் முதல் தடவை கைவிட்டுவிட்டது. 'வேதிவினைகளின் வகைகள்' பாடத்தை வரி பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டுதான் போயிருந்தேன். கேள்வித்தாளில் நான் பார்த்தே இராத ஒரு சமன்பாட்டைப் போட்டு, இது எந்த வகை என்று கேட்டிருந்தார்கள். பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது தடவை புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுப் பின்பக்கத்தில் ஒவ்வொரு வினையையும் செய்து பார்த்தேன். அப்புறம் எந்தச் சமன்பாட்டைக் கொடுத்தாலும் பயமில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே, சொல்லித்தர ஆளில்லாமல் படிக்கிறவர்கள் நிறையப் பேர். நான் அலைந்ததில் பாதியையாவது நீங்கள் அலையக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

1. முதலில் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் கொடுங்கள்

இதை விட்டுவிட்டுப் பாடத்தைப் படித்துப் பயனில்லை. அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண், செய்முறை 25. தேர்ச்சி பெற எழுத்தில் 20, செய்முறையில் 15, மொத்தத்தில் 35 வேண்டும். எழுத்தில் எவ்வளவு எடுத்தாலும் செய்முறையில் 15 இல்லையென்றால் தேர்ச்சி இல்லை.

பள்ளிக்குப் போகாத நாம் செய்முறைத் தேர்வுக்கு முன் பயிற்சி வகுப்பில் சேர வேண்டும். அறிவிப்பை அரசுத் தேர்வுகள் இயக்ககம் வெளியிடும். பதிவு செய்யும் இடம் மாவட்டக் கல்வி அலுவலர் அலுவலகம். வகுப்பு நடப்பது அவர்கள் ஒதுக்கும் ஒரு பள்ளியில். 80 சதவீத வருகை இருந்தால்தான் செய்முறைத் தேர்வுக்கு விடுவார்கள்.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பயிற்சிக்கான பதிவும் எழுத்துத் தேர்வுக்கான விண்ணப்பமும் வேறு வேறு. பயிற்சிப் பதிவு பல மாதம் முந்தியே வந்து முடிந்துவிடும். எழுத்துத் தேர்வு அறிவிப்பு வரட்டும் என்று காத்திருந்தால் அந்த வருடம் போச்சு. பயிற்சிக்குப் பதிவு செய்ததற்கான ஒப்புகைச் சீட்டைத் தேர்வு விண்ணப்பத்தின்போது கேட்பார்கள். அதை மூன்று நகல் எடுத்து வையுங்கள்.

நான் கொண்டுபோனவை: எட்டாம் வகுப்பு தேர்ச்சி பெற்றதற்கான மாற்றுச் சான்றிதழும் அதன் நகல் இரண்டும், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் நான்கு. பயிற்சிக்கு 125 ரூபாய் கட்டினேன். கட்டணமும் தேதியும் மாறக்கூடியவை, அந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழ் தொலைந்திருந்தால் படித்த பள்ளிக்கு இன்றைக்கே போங்கள். எனக்கு நகல் கிடைக்கவே ஐந்து வாரம் ஆயிற்று. கம்பெனியில் ஐந்து அரை நாள் சம்பளம் போனது.

2. சாமான் வாங்குங்கள்

மொத்தம் 310 ரூபாய் செலவானது. கடை வாரியாகச் சொல்கிறேன்.

நாட்டு மருந்துக் கடை: துருசு 50 கிராம் (மயில்துத்தம் என்றாலும் கொடுப்பார்கள், பாடநூலில் இதுதான் காப்பர் சல்பேட்), அன்னபேதி 50 கிராம் (பெர்ரஸ் சல்பேட்), நவச்சாரம் 50 கிராம் (அம்மோனியம் குளோரைடு). மூன்றும் சேர்த்து 85 ரூபாய்.

சுண்ணாம்புக் கடை: கல்சுண்ணாம்பு ஒரு கிலோ, 30 ரூபாய். கல்லாகவே கேட்டு வாங்குங்கள். தூளாக விற்பது ஏற்கெனவே நீர் சேர்ந்தது, அதில் வினை நடக்காது. திறந்த மூட்டையில் ரொம்ப நாள் கிடந்து பொடிந்துபோன கல்லும் அப்படித்தான், காற்றின் ஈரத்தையே குடித்து முடித்திருக்கும்.

மருந்துக் கடை: ஹைட்ரஜன் பெராக்சைடு 100 மில்லி, 25 ரூபாய். பெரும்பாலும் 6 சதவீதக் கரைசல் கிடைக்கும்.

மளிகை: சலவைச் சோடா, எப்சம் உப்பு, வினிகர், மூன்றும் 110 ரூபாய். எப்சம் உப்பு மளிகையில் இல்லையென்றால் மருந்துக் கடையில் இருக்கும். ஆப்பச் சோடாவும் மஞ்சள்தூளும் வீட்டிலேயே உண்டு. ஆப்பச் சோடா வேறு, சலவைச் சோடா வேறு. கடையில் வெறும் 'சோடா' என்று கேட்டு எதையோ வாங்கி வந்துவிடாதீர்கள்.

ஹார்டுவேர் கடை: 9 வோல்ட் பேட்டரி, இரும்பு ஆணி, உப்புத்தாள் ஒன்று, 60 ரூபாய்.

பாத்திரத்துக்குப் பழைய ஊறுகாய்க் கண்ணாடிப் பாட்டில்கள் போதும். சோதனைக்கு எடுத்ததைத் திரும்பச் சமையலறைக்குள் கொண்டுபோகாதீர்கள். துருசு விஷம். நான் ஒவ்வொரு பாட்டிலிலும் சிவப்பு நெயில் பாலிஷில் பெருக்கல் குறி போட்டு, குழந்தைகளுக்கு எட்டாத பரணில் வைத்தேன்.

3. எந்த வினையிலும் இரண்டு கேள்வி கேளுங்கள்

உள்ளே எத்தனை பொருள் போனது, வெளியே எத்தனை வந்தது? இது முதல் கேள்வி. யார் யாரை விட்டு யாரோடு சேர்ந்தார்கள்? இது இரண்டாவது.

பல போய் ஒன்று வந்தால் சேர்க்கை வினை. ஒன்று போய்ப் பல வந்தால் சிதைவு வினை. தனியாக இருந்த தனிமம் ஒன்று, சேர்மத்தில் இருந்த இன்னொன்றைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தால் ஒற்றை இடப்பெயர்ச்சி. இரண்டு சேர்மங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டால் இரட்டை இடப்பெயர்ச்சி. ஆக்சிஜனோடு எரிந்து வெப்பமும் வெளிச்சமும் கொடுத்தால் எரிதல்.

இந்த இரண்டு கேள்விக்கும் பதிலைச் சொற்களில் எழுதிப் பழகுங்கள். இங்கே நானும் சொற்சமன்பாடாகவே தருகிறேன். குறியீட்டுச் சமன்பாடு பாடநூலில் இருக்கிறது. சொற்களில் கைவந்த பிறகு அதைத் திறந்தால் எண்களைச் சமன் செய்வதும் சுலபமாக இருக்கும். நான் முதலில் குறியீட்டில் கைவைத்ததால்தான் குழம்பினேன்.

4. சேர்க்கை வினை: கல்சுண்ணாம்பும் தண்ணீரும்

நேரம்: 10 நிமிடம். கண்ணைச் சுற்றிலும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பவர் கண்ணாடி மட்டும் போதாது. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அப்படித் தெறித்துவிட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருங்கள், அப்புறம் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரு மண் சட்டியில் நெல்லிக்காய் அளவு கல்லை வையுங்கள். கண்ணாடிப் பாத்திரம் சூட்டில் விரிசல் விடும். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். முதலில் கல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு சும்மா இருக்கும். சிறிது நேரத்தில் உஸ்ஸென்று ஒரு சத்தம். கல்லில் கோடு கோடாக விரிசல் ஓடும், ஆவி கிளம்பும், பூ மலர்கிற மாதிரி கல் பிளந்து வெள்ளை மாவாகச் சரியும். சட்டியின் வெளிப்பக்கத்தைத் தொட முடியாது.

கால்சியம் ஆக்சைடு + நீர் → கால்சியம் ஹைட்ராக்சைடு + வெப்பம்

இரண்டு போய் ஒன்று வந்தது. வெப்பம் வெளியே வந்ததால் இது வெப்ப உமிழ் வினையும்கூட. வெப்பத்தை ஒரு 'பொருள்' என்று எண்ணி, வெளியே இரண்டு வந்ததாகச் சொல்லிவிடாதீர்கள். பயிற்சி வகுப்பில் என்னோடு இருந்த பலர் இதில்தான் தடுமாறினார்கள்.

ஆறிய மாவில் ஒரு ஸ்பூனை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, மூடி, இரவு முழுக்க வையுங்கள். சுண்ணாம்பு தண்ணீரில் மிகக் கொஞ்சமாகத்தான் கரையும், லிட்டருக்கு இரண்டு கிராம்கூடக் கிடையாது. மேலே தெளிந்து நிற்பதை மட்டும் இறுத்து எடுங்கள். இதுதான் சுண்ணாம்பு நீர், இனி பல இடத்தில் தேவைப்படும்.

5. சிதைவு வினை: மூன்று வழியில் பாருங்கள்

வெப்பத்தால், மின்சாரத்தால், ஒளியால் என்று சிதைவு மூன்று விதம். ஒளிச்சிதைவுக்குப் பாடநூல் சில்வர் புரோமைடைச் சொல்கிறது. வெள்ளி உப்பு விலை அதிகம். அதை மட்டும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும், கூடவே நொதியின் உதவியால் நடக்கும் ஒரு சிதைவையும் செய்து பார்க்கலாம்.

*வெப்பச்சிதைவு, 10 நிமிடம்.* ஈரமில்லாத பழைய இரும்புக் கரண்டியில் ஒரு ஸ்பூன் ஆப்பச் சோடாவைப் போட்டுச் சிறு தீயில் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் மாவு தண்ணீர் போல அலையத் தொடங்கும். அடியிலிருந்து வாயு கிளம்பி மாவைத் தூக்குகிறது. கரண்டிக்கு மேலே ஒரு குளிர்ந்த எவர்சில்வர் தட்டைப் பிடித்தால் அதில் முத்து முத்தாக ஈரம் படியும்.

சோடியம் பைகார்பனேட் → சோடியம் கார்பனேட் + நீர் + கார்பன் டைஆக்சைடு

ஒன்று போய் மூன்று வந்தது. கரண்டியில் மிஞ்சியிருப்பது சலவைச் சோடாவில் இருக்கும் அதே சோடியம் கார்பனேட். கணக்குப்படி 10 கிராம் ஆப்பச் சோடா முழுதும் சிதைந்தால் சுமார் 6.3 கிராம்தான் மிஞ்சும். மீதி காற்றோடு போய்விடும்.

*மின்னாற்பகுப்பு, 15 நிமிடம்.* இரண்டு பென்சிலை இரு முனையும் சீவி, ஒரு அட்டையில் குத்தி, கீழ்முனை தண்ணீரில் முங்கும்படி டம்ளர் மேல் வையுங்கள். மேல்முனைகளில் 9 வோல்ட் பேட்டரியை ஒயரால் இணையுங்கள். வெறும் தண்ணீரில் மின்சாரம் போகாது, எதையாவது கரைக்க வேண்டும். நான் முதலில் உப்புப் போட்டேன். குமிழி நன்றாக வந்தது, கூடவே தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கொட்டிய நாற்றமும் வந்தது. அது குளோரின். உப்புத் தண்ணீரைப் பிரித்தால் ஆக்சிஜனுக்குப் பதில் பெரும்பாலும் அதுதான் கிளம்பும். விடையும் தப்பாகும், நெஞ்சுக்கும் ஆகாது. உப்பைக் கொட்டிவிட்டு ஒரு ஸ்பூன் ஆப்பச் சோடா போடுங்கள். பேட்டரியின் எதிர்முனையோடு சேர்ந்த பென்சிலில் ஹைட்ரஜன் பொங்கும், நேர்முனையில் ஆக்சிஜன் மெதுவாக வரும். இரண்டுக்கு ஒன்று என்று பாடநூல் சொல்வது அந்தக் குமிழிகளைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். வீட்டு மின்சாரத்தில் இதைச் செய்யவே கூடாது.

*பெராக்சைடு, 5 நிமிடம்.* ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டு விரற்கடை ஊற்றி, தோல் சீவிய உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றைப் போடுங்கள். நுரை பொங்கும். ஊதுபத்தியைக் கொளுத்தி அணைத்துக் கனலோடு நுரைக்கு மேல் கொண்டுபோனால் கனல் பளிச்சென்று கூடும், சில சமயம் சுடர்விட்டுப் பற்றும். வந்தது ஆக்சிஜன்.

ஹைட்ரஜன் பெராக்சைடு → நீர் + ஆக்சிஜன்

'உருளைக்கிழங்கும் உள்ளே போயிற்றே, இரண்டு ஆகாதா?' என்று எனக்கும் தோன்றியது. உருளைக்கிழங்கில் இருக்கும் நொதி வினையை வேகப்படுத்துகிறது, தான் செலவாவதில்லை. அதற்கு வினைவேக மாற்றி என்று பெயர். எண்ணிக்கையில் அதைச் சேர்க்கக் கூடாது.

திருப்பூர், ஈரோடு பக்கத்துக்காரர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். துணி வெளுக்கும் பட்டறைகளில் கேனில் வருவதும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான். 'இலவசமாகக் கிடைக்குதே' என்று அதைக் கொண்டுவராதீர்கள். அது பல மடங்கு செறிவானது, தோலில் பட்டால் வெளுத்துப் பொசுக்கும், நொதி பட்டால் கொதித்துத் தெறிக்கும். மருந்துக் கடைப் பாட்டிலே போதும்.

6. ஒற்றை இடப்பெயர்ச்சி: ஆணியும் துருசும்

எனக்கு அதிக நாள் பிடித்தது இதில்தான். அரை ஸ்பூன் துருசை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்தால் மயில் கழுத்து நிறத்தில் ஒரு நீலம். அதில் ஆணியைப் போட்டால் ஆணி மேல் செம்பு படிய வேண்டும். நான் போட்ட ஆணி கன்னங்கரேலென்று பஞ்சு பஞ்சாகப் பூத்தது. மூன்று ஆணி போட்டும் அதே கதை. ஒரு வாரம் கழித்துப் பயிற்சி வகுப்பு ஆசிரியரிடம் ஆணியைக் காட்டினேன். அவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது துத்தநாகம் பூசின ஆணிம்மா, துருப் பிடிக்காம இருக்கப் பூசுவாங்க" என்றார். இரும்பு வேலை செய்யவே இல்லை, மேல்பூச்சுத் துத்தநாகம்தான் செம்பைத் துரத்தியிருக்கிறது.

ஆகவே கடையில் வெள்ளையாகப் பளபளக்கும் ஆணியை வாங்காதீர்கள். கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும் சாதா இரும்பு ஆணி கேளுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் சாம்பல் பளபளப்பு வரும்வரை தேயுங்கள். எவர்சில்வர் எதுவும் இதற்கு ஆகாது.

கரைசலில் போட்ட சில நிமிடத்திலேயே முங்கிய பாகம் மட்டும் செம்பழுப்பாகும். எடுத்துப் பார்த்தால் நூல் கட்டிய மாதிரி ஒரு கோடு தெரியும், மேலே சாம்பல், கீழே செம்பு. கரைசலின் நீலம் மாற அவசரப்படாதீர்கள். இரண்டு அங்குல ஆணி இரண்டைப் போட்டு ஒரு நாள் முழுக்க வைத்தால்தான் நீலம் வெளிறிப் பச்சை தெரியும். அதையும் தாண்டி விட்டுவைத்தால் காற்றுப் பட்டு மஞ்சள் பழுப்பாகிவிடும். பதிவேட்டில் அந்த நிறத்தை எழுதினால் விடை தப்பு.

இரும்பு + காப்பர் சல்பேட் → பெர்ரஸ் சல்பேட் + காப்பர்

அடுத்து இதைத் திருப்பிச் செய்யுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பாதிப் பாடம் போய்விடும். அன்னபேதியைக் கரைத்து, பழைய கரண்ட் ஒயரில் உரித்த செம்புக் கம்பியைப் போடுங்கள். ஒரு மணி நேரம், ஒரு நாள், எவ்வளவு வைத்தாலும் கம்பி கம்பியாகவே இருக்கும். செம்பால் இரும்பைத் துரத்த முடியாது. வினைபடு திறன் வரிசை என்று பாடநூலில் இருக்கும் பட்டியல் இதைத்தான் சொல்கிறது. வரிசையில் மேலே இருப்பது கீழே இருப்பதைத் துரத்தும்: பொட்டாசியம், சோடியம், கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, ஈயம், ஹைட்ரஜன், செம்பு, வெள்ளி, தங்கம். 'காப்பரை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் என்ன ஆகும்?' என்று கேட்டால், செம்பு ஹைட்ரஜனுக்குக் கீழே இருக்கிறது, வினை நடக்காது என்று எழுதிவிடலாம். 'வினை இல்லை' என்பதும் சரியான விடை. பயந்துகொண்டு எதையாவது சமன்பாடாக எழுதிவைக்காதீர்கள்.

மிஞ்சிய துருசுக் கரைசலைச் செடிக்கோ சாக்கடைக்கோ ஊற்ற வேண்டாம், மீனுக்கு அது நஞ்சு. சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றினால் செம்பு நீலப்பச்சைச் சேறாக அடியில் இறங்கிவிடும். மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, சேற்றைக் காயவைத்துப் பொட்டலமாக மடித்துத் தனியாகக் குப்பை எடுப்பவரிடம் கொடுங்கள்.

7. இரட்டை இடப்பெயர்ச்சி: ஆரத்தித் தட்டிலேயே இருக்கிறது

எப்சம் உப்பை ஒரு டம்ளரிலும் சலவைச் சோடாவை இன்னொன்றிலும் தெளிவாகக் கரையுங்கள். இரண்டும் தண்ணீர் போலவே இருக்கும். ஒன்றை மற்றதில் ஊற்றிய கணத்தில் பால் திரிந்தது போலாகிவிடும். அரை மணி நேரத்தில் வெள்ளை அடியில் படியும். அதுதான் வீழ்படிவு.

மெக்னீசியம் சல்பேட் + சோடியம் கார்பனேட் → மெக்னீசியம் கார்பனேட் (வீழ்படிவு) + சோடியம் சல்பேட்

மெக்னீசியமானது சல்பேட்டை விட்டுக் கார்பனேட்டோடு போனது, சோடியம் அங்கே காலியான இடத்துக்கு வந்தது. பாடநூலில் ஈய நைட்ரேட்டும் பொட்டாசியம் அயோடைடும் சேர்ந்து மஞ்சளாக வருவதைச் சொல்லியிருப்பார்கள். ஈயம் விஷம், அதைப் பள்ளியில் ஆசிரியர் காட்டும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

இதிலேயே இன்னொரு வகை நடுநிலையாக்கல், அமிலமும் காரமும் சேர்ந்து உப்பும் நீரும் ஆவது. இது நமக்குப் புதிதே இல்லை. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டதும் இரத்தச் சிவப்பாக மாறுகிறதே, அந்த மஞ்சள்தான் நமக்கு நிறங்காட்டி. எடுத்துவைத்த சுண்ணாம்பு நீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடுங்கள், சிவக்கும். இப்போது வினிகரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒவ்வொரு சொட்டு விழும் இடத்திலும் ஒரு மஞ்சள் புள்ளி தோன்றி, கலக்கினால் மறையும். ஏதோ ஒரு சொட்டில் மொத்தமும் மஞ்சளாகத் திரும்பிவிடும், அதற்கப்புறம் சிவக்காது. காரம் தீர்ந்துவிட்டது.

கால்சியம் ஹைட்ராக்சைடு + அசிட்டிக் அமிலம் → கால்சியம் அசிட்டேட் + நீர்

ஒரேயடியாக ஊற்றிவிட்டால் அந்தச் சொட்டைப் பார்க்க முடியாது. செய்முறைத் தேர்வில் கொடுக்கும் கரைசல் அமிலமா காரமா என்று கண்டறிய வேண்டியிருக்கும். அங்கே லிட்மஸ் தாள் தருவார்கள், ஆனால் கை பழகுவது இங்கேதான்.

வினிகரும் ஆப்பச் சோடாவும் சேர்ந்து பொங்குவதை எல்லோரும் பார்த்திருப்போம். 'வாயு வந்தது, அதனால் சிதைவு' என்று எழுதுவது மிகப் பரவலான தப்பு. முதலில் நடப்பது இரட்டை இடப்பெயர்ச்சி. அதில் பிறக்கும் கார்போனிக் அமிலம் நிலைக்காமல் உடனே நீரும் கார்பன் டைஆக்சைடுமாக உடைகிறது. வாயு வந்தால் எங்கிருந்து வந்தது என்று ஒரு அடி பின்னால் போய்ப் பாருங்கள்.

கார்பன் டைஆக்சைடு சுண்ணாம்பு நீரைப் பால் போலாக்கும், நம் மூச்சிலும் அது இருக்கிறது. அதைப் பார்க்கச் சுண்ணாம்பு நீரில் உறிஞ்சு குழாய் வைத்து ஊதும்போது, வாய்க்குள் இழுத்துவிடாமல் வெளியே மட்டும் ஊதுங்கள். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் பால் போலாகும். அதோடு நிறுத்துங்கள். ஊதிக்கொண்டே இருந்தால் கால்சியம் பைகார்பனேட்டாகி மறுபடி தெளியத் தொடங்கும்.

8. எரிதல்: அடுப்பைப் பாருங்கள், போதும்

இதற்குத் தனியாக எதையும் கொளுத்த வேண்டாம். சமையல் எரிவாயு புரோப்பேனும் பியூட்டேனும் சேர்ந்தது.

புரோப்பேன் + ஆக்சிஜன் → கார்பன் டைஆக்சைடு + நீர் + வெப்பம்

நீர் எங்கே என்றால், குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தை அடுப்பில் வைத்த முதல் நிமிடத்தில் அதன் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதுதான். தீ மஞ்சளாகி, பாத்திரம் கரிப் பிடித்தால் ஆக்சிஜன் போதவில்லை. அது முழுமையற்ற எரிதல், கார்பன் மோனாக்சைடும் வரும், பர்னர் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள்.

கரி எரிந்து கார்பன் டைஆக்சைடு ஆவது சேர்க்கையா எரிதலா? இரண்டும்தான். ஒரே வினைக்கு இரண்டு பெயர் பொருந்தலாம். கேள்வி எதைக் கேட்கிறதோ அதை எழுதுங்கள்.

9. வீட்டில் கண்டிப்பாகச் செய்யாதீர்கள்

கழிப்பறை கழுவும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் கிளம்பும், மூடிய குளியலறையில் உயிரே போகலாம். மெக்னீசியம் நாடாவைக் கொளுத்திப் பார்க்காதீர்கள், அந்த வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். சோடியம், அடர் அமிலங்கள் பக்கமே போக வேண்டாம். குழந்தைகள் தூங்கிய பிறகோ பள்ளிக்குப் போன பிறகோ செய்யுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

10. பதிவேடும் செய்முறை நாளும்

வீட்டில் செய்ததை ஒரு நோட்டில் சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். 'காண்பன' கட்டத்தில் கண்ணால் பார்த்தது மட்டும் வர வேண்டும். 'செம்பு படிந்தது' என்று அங்கே எழுதக் கூடாது, 'செம்பழுப்பு நிறம் படிந்தது' என்று எழுதுங்கள். செம்பு என்பது 'அறிவன' கட்டத்துக்கு உரியது.

செய்முறையில் வேதியியல் பக்கம் வருபவை: உப்பு கரையும்போது வெப்பம் வெளியாகிறதா உள்ளே போகிறதா என்பது, உப்பின் கரைதிறன், உப்பின் நீரேற்றம், அமிலமா காரமா என்பது. நவச்சாரத்தை வாங்கச் சொன்னது முதல் ஒன்றுக்காக. இரண்டு ஸ்பூனைத் தண்ணீரில் கலக்கினால் டம்ளர் பானைத் தண்ணீர் போலச் சில்லென்றாகும், வெப்பம் உள்ளே போகிறது.

நீரேற்றத்துக்குத் துருசு தருவார்கள். சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கினால் நீலப் படிகம் ஓரத்திலிருந்து வெளுத்து வெள்ளைத் தூளாகும், குழாயின் மேல்பக்கத்தில் நீர்த்துளி நிற்கும். ஆறிய பிறகு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பும். ஆறவிடாமல் தண்ணீர் விட்டால் குழாய் விரியும், எனக்கு அடுத்த மேசையில் அப்படி ஒன்று உடைந்தது. குழாயின் வாய் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது.

எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வி 12, இரண்டு மதிப்பெண்ணில் 7, நான்கில் 7, ஏழில் 3 எழுத வேண்டும். இந்தப் பாடத்தில் 'வேறுபடுத்துக' கேள்விக்கு இரண்டு பக்கமும் சொற்சமன்பாட்டை முதலில் எழுதிக்கொண்டு, பிறகு வித்தியாசத்தை எழுதினால் தடுமாற்றம் வராது.

எனக்கு மொத்தம் ஐந்து ஞாயிறு ஆயிற்று. முதல் வாரம் சுண்ணாம்பு, இரண்டாம் வாரம் சிதைவு மூன்றும், ஆணிக்கு மட்டும் இரண்டு வாரம், கடைசி வாரம் இரட்டை இடப்பெயர்ச்சி. சரியான ஆணியோடு தொடங்கினால் உங்களுக்கு நான்கே போதும்.

செய்முறை நாளுக்கு ஹால் டிக்கெட், பதிவேடு, பேனா, பென்சில் எடுத்து முந்தைய இரவே பையில் வையுங்கள். வைக்கும்போது பதிவேட்டின் எல்லாப் பக்கத்திலும் பயிற்சி ஆசிரியரின் கையெழுத்து இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். எனக்கு நீரேற்றப் பக்கத்தில் விடுபட்டிருந்தது. காலை எட்டு மணிக்கே பள்ளி வாசலில் போய் நின்று, ஆசிரியர் வண்டியை நிறுத்தும் இடத்திலேயே வாங்கிக்கொண்டேன்.